மெஷின் கண்ணில் வைத்த சந்தனம்

ஆலைகளில் பாதுகாப்பு அதிகாரி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்களாம். அதற்கு ஏதாவது எழுதித் தரும்படி ஒரு பெண் போன் செய்தார். "உங்க சர்வீஸ்ல ஒரு சக்சஸ் ஸ்டோரி இருந்தா குடுங்க சார்" என்றார். அப்படிப்பட்ட கதைகள் என்னிடம் நிறையவே இருக்கின்றன. அவற்றுக்குக் கொடுத்த கேடயங்கள் வரவேற்பறை அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. என் மனைவி வெள்ளிக்கிழமை தோறும் முணுமுணுத்துக்கொண்டே தூசி தட்டுகிறாள். ஆனால் அவற்றைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இரண்டு வரிக்கு மேல் கை ஓட மாட்டேன் என்கிறது. கை ஓடுவது வேறு ஒரு விஷயத்துக்கு. அதைத்தான் எழுதுகிறேன். பிடிக்கவில்லை என்றால் அந்தப் பெண் கிழித்துப் போட்டுவிடட்டும்.

எனக்கு உத்திரமேரூர். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. இப்போதும் காலையில் பால் வாங்கப் போகிற சாக்கில் பஸ் நிலையம் வரை நடந்துவிடுவேன். அந்த நேரத்தில்தான் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். முன்பெல்லாம் ஒரு பஸ், இப்போது எத்தனையோ. ஜன்னலோரத்தில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டே போகும் பெண்களை ஒவ்வொருவராகப் பார்ப்பேன். பால்காரர் கேட்டே விட்டார், "இன்னா சார், தினமும் யாரத் தேடிக்கினு கீற?" என்று. வேலை நினைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன். வேலை நினைப்பும்தான். ஆனால் பால்காரர் கேட்டதுதான் சரியான கேள்வி.

என் முதல் வேலை கல் கிரஷரில். மலையை உடைத்து ஜல்லியாக்கும் இடம். அங்கே நான் லாரிக் கணக்கு எழுதுகிற ஆள். பாதுகாப்பு என்று தனியாக ஒருவரும் கிடையாது. பாறைக்கு வெடி வைக்கிறவர் விசில் ஊதுவார், எல்லோரும் ஓடுவோம், அவ்வளவுதான். அங்கே ஆபத்து கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும், மூக்கில் தூசியாக ஏறும். ஒருநாள் கன்வேயர் பெல்ட்டில் ஒருவருடைய லுங்கி மாட்டிக்கொண்டது. பெல்ட்டை நிறுத்தும் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அங்கிருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் பிழைத்தார், ஆனால் நடக்க முடியாமல் போயிற்று. அந்தச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆளாக நான் இருக்க வேண்டும் என்ற ஆத்திரத்தில்தான் தபாலில் படித்து, பாதுகாப்பு டிப்ளமோ வாங்கி, வாலாஜாபாத் பக்கம் புதிதாக வந்த பிரஸ் ஷாப்பில் சேர்ந்தேன்.

பிரஸ் ஷாப் என்றால் இரும்புத் தகட்டை ஒரே அடியில் வளைத்துக் கார் பாகமாக்கும் இடம். ஒரு ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மெஷின். தகட்டைக் கையால் உள்ளே வைக்க வேண்டும், பெடலை மிதிக்க வேண்டும், மேலிருந்து அடி இறங்கும், பாகத்தைக் கையால் வெளியே எடுக்க வேண்டும். ஒரு ஷிஃப்ட்டில் எத்தனை நூறு தடவை அந்தக் கை உள்ளே போய் வருகிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கையைக் காப்பாற்றுவது இரண்டு பக்கமும் நிற்கும் இரண்டு கம்பங்கள். அவற்றுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை ஒன்று ஓடும். அதற்குள் கை இருக்கும்வரை மெஷின் இறங்காது. லைட் கர்ட்டன் என்பது அதன் பெயர். எங்கள் ஆட்கள் அதை 'கண்ணு' என்பார்கள். மெஷினுக்குக் கண் இருக்கிறது, பார்த்துக்கொள்ளும் என்பது எல்லோருடைய நம்பிக்கை. எனக்கும் அதே நம்பிக்கைதான்.

அங்கே பெண்கள்தான் அதிகம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள் நீலக் கோட்டு போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்கள். நானும் அதே பஸ்ஸில்தான் போவேன். அங்கே ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை, ஏறும் ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். பஸ் பெருநகரில் புறப்பட்டு உத்திரமேரூர் வழியாகப் போகும். அதனால் நான் ஏறும்போது பெருநகர் அக்கா ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார், என் சீட்டுக்கு மூன்று சீட் பின்னால், ஜன்னலோரம். நாற்பது வயது இருக்கும். காண்ட்ராக்ட் ஆள். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கேட்டுவிட்டு எழுதுகிற உரிமை எனக்கு இல்லை, கேட்காமல் எழுதுகிற தைரியமும் இல்லை.

அவரிடம் ஒரு குச்சி இருந்தது. கட்டைவிரல் பருமன், ஒரு முழ நீளம், நுனியில் பழைய சேலையிலிருந்து கிழித்த சிவப்புத் துணி. சவுக்குக் குச்சி. காலையில் மெஷின் முன்னால் வந்து நின்றதும் அந்தக் குச்சியைக் கர்ட்டனுக்குள் நீட்டிக்கொண்டு பெடலை மிதிப்பார். மெஷின் அசையக் கூடாது. அசையவில்லை என்றால் குச்சியைத் தூணில் சொருகிவிட்டு வேலையை ஆரம்பிப்பார். சாப்பிட்டு வந்த பிறகு மறுபடியும் ஒரு தடவை. முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாம்மா, மாடு மேய்க்கப் போறியா?" என்றேன்.

"வைக்கோல் போர்ல கை வெக்கறதுக்கு மின்னாடி குச்சியால குத்திப் பாக்க மாட்டமா சார்? உள்ள இன்னா படுத்துக்கினு கீதோ யாருக்குத் தெரியும்" என்றார்.

"இது ஜப்பான் கண்ணும்மா. பாம்பெல்லாம் படுக்காது."

"இருக்கட்டும் சார். குச்சி போனா வேற குச்சி வெட்டிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அந்தச் சோதனைக்கென்றே மெஷினோடு ஒரு கறுப்புக் கோலை அனுப்பியிருந்தார்கள். தினமும் ஷிஃப்ட் தொடங்குமுன் அதை வைத்துச் சோதிக்க வேண்டும் என்று புத்தகத்திலேயே போட்டிருந்தது. தொலைந்து போனால் நான் பதில் சொல்ல வேண்டுமே என்று அதை என் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன். பாதுகாப்பைச் சோதிக்கும் ஆடிட்டர் வரும்போது மட்டும் வெளியே எடுப்பேன். மற்ற நாட்களில் கம்பத்தில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு செக் ஷீட்டில் டிக் போடுவேன். பன்னிரண்டு மெஷினுக்கும் ஒரே நடையில். புத்தகம் சொன்ன வேலையைப் புத்தகம் படிக்காத ஒருவர் செய்துகொண்டிருந்தார். படித்த நான் டிக் போட்டுக்கொண்டிருந்தேன்.

இனி ஆயுத பூஜைக்கு வருகிறேன். பண்டிகைக்கு முதல் நாள் முற்பகலில் எங்கள் ஆலையில் பூஜை. மெஷின்களைத் துடைத்து, விபூதிப் பட்டை போட்டு, மாலை சாற்றி, பொரி கடலை வைத்து, கடைசியில் ஒவ்வொரு மெஷினிலும் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து ஒரே ஒரு அடி அடிப்போம். அது முடிந்தால் இரண்டு நாள் லீவு. அந்த வருஷம் பொட்டு வைக்கும்போது பெண்கள் என்னை முன்னால் தள்ளினார்கள். "கண்ணுக்குப் பொட்டு சேஃப்டி சார் கையால வெக்கட்டும்" என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சந்தனத்தைக் குழைத்து எடுத்து ஏழாம் நம்பர் மெஷினின் கம்பத்தில், கண்ணாடி மேலேயே, வட்டமாக ஒரு பொட்டு வைத்து நடுவில் குங்குமமும் இட்டேன். ஏழாம் நம்பர் பெருநகர் அக்காவின் மெஷின்.

எலுமிச்சம்பழத்தை வைத்துப் பெடலை மிதித்தால் மெஷின் அசையவே இல்லை. எப்படி அசையும்? கண்ணை மறைத்தால் கை உள்ளே இருக்கிறது என்றுதான் அது நினைக்கும். தன் வேலையை அது ஒழுங்காகத்தான் செய்தது. ஆனால் தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது, மேனேஜர் குடும்பத்தோடு வந்து நின்றிருந்தார், பூஜை நேரத்தில் மெஷின் ஓடாதது அபசகுனம் என்று யாரோ முனகினார்கள். எலக்ட்ரீஷியன் என்னைப் பார்த்தார்.

"ஒரு அடிக்குத்தானப்பா, பைபாஸ் போட்டு வுடு" என்றேன் நான்.

பேனல் என்கிற மின்சாரப் பெட்டிக்குள் ஒரு சாவி உண்டு. அதைத் திருப்பினால் கண் சொல்வதை மெஷின் கேட்காது. ரிப்பேர் சமயத்துக்காக வைத்தது. அவர் திருப்பினார். பழம் நசுங்கியது, எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு பொரி வாங்க வரிசை. எலக்ட்ரீஷியனுக்கு ஊருக்கு பஸ் பிடிக்கும் அவசரம். யாரோ ஒரு அம்மா சந்தனத்தைத் துடைத்துவிட்டார். துடைத்ததும் கம்பத்தில் பச்சை விளக்கு எரிய ஆரம்பித்தது. பார்க்க எல்லாம் பழையபடி ஆகிவிட்டது, உள்ளே அந்தச் சாவி மட்டும் திரும்பியபடியே இருந்தது. மறந்தது எலக்ட்ரீஷியன் என்று நான் பல நாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். போடச் சொன்னவன்தானே எடுக்கவும் சொல்ல வேண்டும்.

லீவு முடிந்த முதல் காலை. நான் செக் ஷீட்டோடு நடந்தேன். பன்னிரண்டு பச்சை, பன்னிரண்டு டிக். என் இடத்துக்கு வந்து டீ டம்ளரைக் கையில் எடுத்தேன், ஏழாம் நம்பரில் லைன் நின்றுவிட்டது என்று ஆள் வந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவசர நிறுத்தப் பொத்தானை உள்ளங்கையால் அழுத்தியபடி பெருநகர் அக்கா நின்றிருந்தார். காலடியில் குச்சி இரண்டு துண்டாகக் கிடந்தது. சூப்பர்வைசர் இளைஞர், பதற்றத்தில் இருந்தார். பாகங்களுக்காகக் காத்துக்கொண்டு வெளியே லாரி நின்றிருந்தது.

"பச்சை எரியுது பாருக்கா. சார் டிக் போட்டுக் கீறாரு. இன்னும் இன்னா வேணும் உனக்கு?" என்றார் சூப்பர்வைசர்.

"பச்சை எரியுது. ஆனா குச்சிய உள்ள வெச்சா நிக்கல. என் கை இருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"நீ தள்ளு. பக்கத்து ஆளு ஓட்டட்டும்."

"நானும் ஓட்ட மாட்டேன். வேற யாரையும் ஓட்ட வுட மாட்டேன். அவளுக்கும் கை ரெண்டுதான்" என்றார் அவர். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கையை மட்டும் பொத்தானிலிருந்து எடுக்கவில்லை.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. "சார் வந்துட்டாரு. சார், நீங்களே பாருங்க" என்றார்.

கம்பத்தில் கண்ணாடி ஓரமாகச் சந்தனக் கறை கொஞ்சம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் பூஜையன்று திருப்பிய சாவி ஞாபகம் வந்தது. நேராகப் பேனலுக்குப் போனேன், கதவைத் திறந்தேன், சாவி திரும்பியிருந்தது. முதுகால் மறைத்துக்கொண்டு அதைப் பழையபடி திருப்பினேன். கதவைச் சாத்தினேன். "இப்ப போட்டுப் பாரு" என்றேன்.

அவர் பாதிக் குச்சியை எடுத்து நீட்டிப் பெடலை மிதித்தார். மெஷின் அசையவில்லை. இன்னொரு தடவை. மூன்றாவது தடவை. பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

"மின்னாடி நிக்கல சார்."

"இப்ப நிக்குது இல்ல. ஓட்டும்மா" என்றேன்.

லைன் ஓடியது. அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். ரொம்பச் சின்ன வாக்கியம். தப்பு என் மேல், இவர் நிறுத்தியது சரி. அதைச் சொல்லாமல் இருக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. அடுத்த வாரம் ஜப்பான்காரர்கள் ஆடிட்டுக்கு வருகிறார்கள். கேட்டில் விபத்தில்லாத நாட்களை எழுதிய பலகை, எங்கள் எல்லோருக்கும் அதில் ஒரு கர்வம். ஆடிட் முடியட்டும், நிதானமாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். விபத்துதான் நடக்கவில்லையே என்றும் நினைத்தேன்.

மதியம் மேனேஜர் அறையில் விசாரித்தார்கள். லைன் ஏன் நின்றது என்று ஒரு காகிதம் எழுதி மேலே அனுப்ப வேண்டும். மேஜை மேல் என் செக் ஷீட். "மெஷின் எப்படி இருக்கு?" என்று மேனேஜர் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு சார்" என்றேன். அந்த நிமிஷத்தில் அது நன்றாகத்தான் இருந்தது, அதனால் நான் பொய் சொல்லவில்லை. இப்படி நுணுக்கமாக உண்மை பேசக் கற்றுக்கொண்டவர்களைக் கண்டால் தள்ளி நில்லுங்கள், என்னையும் சேர்த்துத்தான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெருநகர் அக்கா நின்றிருந்தார். உள்ளே பேசுவது அவருக்குக் கேட்காது, ஆனால் என் முகம் தெரியும்.

இரண்டரை மணிக்கு முதல் ஷிஃப்ட் முடிந்தது. நான் திரும்புவது சாயங்கால பஸ்ஸில். என் அறை மாடியில். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பஸ்கள் நிற்கும் இடம் தெரியும். எல்லோரும் ஏறிவிட்டார்கள். பெருநகர் அக்கா மட்டும் ஏறாமல் படிக்குப் பக்கத்தில் தூக்குப் பையோடு நின்று ஆபீஸ் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ கூட வருகிறவருக்காக நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பதைவிட அப்படி வைத்துக்கொண்டேன் என்பது சரி. டிரைவர் ஹாரன் அடித்தார். அவர் ஏறினார். பஸ் போய்விட்டது.

மறுநாள் காலை நான் பஸ் ஏறியபோது மூன்று சீட் பின்னால் ஜன்னலோரம் காலியாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணைக் கேட்டேன்.

"லைன நிறுத்துனதுக்கு அக்காவ வர வாணாம்னு சொல்ட்டாங்க சார். நேத்தே கேட் கார்ட வாங்கிக்கினாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன். அதுவும் நுணுக்கமான உண்மைதான்.

ஆடிட் நன்றாக முடிந்தது. அதற்கு மறுநாள், அதாவது சம்பவம் நடந்து பன்னிரண்டு நாள் கழித்து, மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு, பைபாஸ், பார்க்காமல் போட்ட டிக், பேனலை மறைத்துச் சாவி திருப்பியது, ஒன்றுவிடாமல். என் வேலை போய்விடும் என்றுதான் போனேன். அவர் முழுவதையும் கேட்டார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. அந்தப் பைபாஸ் சாவியைக் கழட்டிடுங்க" என்றார். ஒரு மெமோ கொடுத்தார். அவ்வளவுதான். நான் இத்தனை பயந்தது அரைப் பக்கக் காகிதத்துக்கு. அந்த அரைப் பக்கத்துக்காக ஒருவருடைய வேலையைப் பலி கொடுத்துவிட்டேன்.

காண்ட்ராக்டரைப் பிடித்து, அக்காவைத் திரும்பக் கூப்பிடச் சொன்னேன். அவரிடம் இருந்த நம்பருக்குப் போன் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெருநகருக்கே போனேன். காலனித் தெருவில் விசாரித்துக்கொண்டு போனால் வீடு பூட்டியிருந்தது. எதிர் வீட்டு வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"நடவுக்குப் போய்க் கீதுங்க. நீங்க யாரு?"

"கம்பெனிலேர்ந்து வரேம்மா."

அந்த அம்மா முறத்தைக் கீழே வைத்தார். "கம்பெனின்னா அது பாக்காதுங்க. வூட்டாண்ட யாராச்சும் வந்தாலும் இல்லன்னு சொல்லுன்னு சொல்லிட்டுப் போய்க் கீது" என்றார்.

வெயில் சாயும்வரை பஸ் நிறுத்தத்தில் நின்றேன். அவர் வரவில்லை, அல்லது வேறு வழியாக வந்திருப்பார். இன்னொரு ஞாயிறு போயிருக்கலாம். போகவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் தள்ளத் தள்ளப் போவதற்கான முகம் இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது.

பிறகு நான் செய்ததெல்லாம் கேடயம் வாங்கித் தந்த வேலைகள். பைபாஸ் சாவியைக் கழற்றினேன். பீரோவில் இருந்த கறுப்புக் கோலை வெளியே எடுத்து, அதே அளவில் பன்னிரண்டு செய்து மெஷினுக்கு ஒன்றாகத் தொங்கவிட்டேன். ஓட்டுகிறவரே சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், நிறுத்தினால் யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தேன். ஆயுத பூஜைக்கு முன்பாகக் கம்பங்களுக்கு உறை மாட்டி, பொட்டை மெஷின் முதுகில் வைக்கச் சொன்னேன். எல்லாம் சரியாக நடந்தது. ஆனால் தினமும் பஸ் ஏறும்போது என் கண் மூன்று சீட் பின்னால் போய் நிற்கும். அங்கே வேறு யார் யாரோ உட்கார்ந்தார்கள். "சார் வந்துட்டாரு" என்று அவர் சொன்ன அந்தக் குரலை மறுபடி ஒரு தடவை கேட்க வேண்டும் என்று ஏங்கினேன். அப்படி யாரும் என்னை நம்பி அதற்கு முன்பும் பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் இல்லை. என் வீட்டில் இதைச் சொன்னால், "ஒரு பொம்பளை வேலையக் காலி பண்ணிட்டு ஏங்குறாராம்" என்பாள் என் மனைவி. அவள் சொல்வது சரிதான், ஆனால் ஏக்கம் அதற்காகக் குறைவதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, போன மழைக்காலத்தில், மின்சாரக் காருக்குப் பேட்டரி அடுக்கும் புதிய ஆலை ஒன்றில் புதியவர்களுக்குப் பேச வரச் சொன்னார்கள். போனேன். கிரஷரிலிருந்து வந்தவனுக்கு அந்த இடம் ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. சத்தமே இல்லை. கூண்டுக்குள் ரோபோக் கைகள் தாமாகத் திரும்பிக்கொண்டிருந்தன. தொட்டால் ஆளைக் கரியாக்கும் கரண்ட் ஆரஞ்சு நிற ஒயருக்குள் சத்தமில்லாமல் ஓடுகிறது. இங்கே விசில் ஊதுகிற ஆளும் கிடையாது, தூசியும் கிடையாது. எல்லா இடத்திலும் பச்சை விளக்கு. எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு கூண்டு வாசலில் இருபது வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். உள்ளே போகுமுன் தன் கோட்டுப் பையிலிருந்து ஒரு முழக் குச்சியை எடுத்து வாசல் கண்ணுக்கு முன்னால் நீட்டினாள். உள்ளே ரோபோ நின்றது. ஒரு மூச்சு நேரம் அது அசைகிறதா என்று பார்த்துவிட்டுக் குச்சியைப் பையில் வைத்தாள். குச்சி நுனியில் சிவப்புத் துணி.

"இது யாரும்மா சொல்லிக் குடுத்தது?" என்றேன்.

"எங்க லைன் லீடர் அக்கா சார். அதுங்கிட்ட சேந்தா மொத நாளே சொல்லும். பச்சை லைட்ட நம்பாத. டிக் போட்ட பேப்பர நம்பாத. சார் வந்துட்டாரு, இனிமே அவரு பாத்துக்குவாருன்னு நம்பாத."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். என்னை அழைத்துப்போன இளம் அதிகாரியும் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். மூன்றாவது பாடத்தைச் சொல்லிக் கொடுத்தது நான்தான் என்று அந்தப் பெண்களுக்கு எப்படித் தெரியும்?

"உங்க லீடருக்கு எந்த ஊரு?"

"பெருநகர் சார்."

ஷிஃப்ட் முடியும்வரை பஸ்கள் நிற்கும் இடத்தில் காத்திருந்தேன். இளம் அதிகாரி சாப்பிடக் கூப்பிட்டார், பசிக்கவில்லை என்றேன். கூட்டத்தோடு அவர் வந்தார். முன்தலையில் நரை, லைன் லீடர் கோட்டு, அதே மாதிரி தூக்குப் பை. என்னைப் பார்த்ததும் நின்றார்.

"சார். நல்லா கீறீங்களா?"

"ரிட்டயர்ட் ஆயிட்டேம்மா."

"சொன்னாங்க."

எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் எல்லாம் எங்கோ போய்விட்டன. "அன்னிக்கி பூஜையில அந்தச் சாவியத் திருப்பச் சொன்னதே நான்தான். மறந்துட்டேன். பாக்காமலே டிக் போட்டேன். நீங்க நிறுத்தினதுதான் சரி. அதை அன்னிக்கே சொல்லாம வுட்டுட்டேன்" என்றேன். கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"தெரியும் சார். பேனலத் தொறந்ததும் முதுகால மறைச்சிக்கினீங்க. நான் பின்னாடிதான நின்னுக்கினு இருந்தேன்."

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல நீங்க?"

"நான் சொன்னா யாரு நம்புவாங்க? அதான் நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்."

கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டேன். "எவ்ளோ நாளு பாத்தீங்க?"

அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. பழைய கணக்கு ஒன்றைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்கிற அக்கறைதான் இருந்தது.

"நாளெல்லாம் இல்ல சார். பஸ் கெளம்பற வரிக்கும்."

டிரைவர் ஹாரன் அடித்தார். "வரேன் சார், ஒடம்பப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு ஏறினார். குச்சி வைத்திருந்த அந்தப் பெண் அவருக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருந்தாள். பஸ் திரும்பும்போது அவர் வெளியே கையைத் தூக்கி ஆட்டினார். வலது கை. ஐந்து விரலும் இருந்தன. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் மெஷின்களைப் பற்றிச் சொல்லிப் பயன் இல்லை. நீங்கள் பார்க்கப் போகும் மெஷின்களை நான் பார்த்ததில்லை. தப்பு மட்டும் உங்களிடமும் நடக்கும், பொட்டு வைத்தவரும் டிக் போட்டவரும் நீங்களாகவே இருப்பீர்கள். அன்று நின்ற ஜன்னலிலிருந்து பஸ் நின்ற இடம்வரை பதினெட்டுப் படிகள். பிறகு நான் அவற்றைப் பல தடவை எண்ணியிருக்கிறேன். ஹாரன் அடிப்பதற்குள் இறங்கிவிடுங்கள்.